வாசகர் கேள்வி–பதில்: மரக்கறியை ஒதுக்கிவைக்கும் பெரியவர்களுக்கு

கேள்வி: எனக்கு வயது 38. பாடசாலை ஆசிரியராக இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே வெள்ளைச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், முட்டை, கோழிக்கறி, ரொட்டியும் கட்டச்சம்பலும் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. கோவா வேகும் வாசனை வந்தாலே குமட்டுகிறது. வெண்டிக்காயின் வழுவழுப்பையும் பாகற்காயின் கசப்பையும் சொல்லவே வேண்டாம். அண்மையில் செய்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 112 என்று வந்தது. மரக்கறியும் கீரையும் சாப்பிடப் பழகாவிட்டால் விரைவில் மாத்திரைக்குப் போக வேண்டிவரும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி கோபத்தில் மரக்கறி மட்டுமே சமைக்கிறார். நான் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேன். 7 வயது மகளும் என்னைப் பார்த்துக் கரட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறாள். இந்த வயதில் நாக்கை மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: முடியும். முதலில் அந்த 112ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சீனி, டெசிலீற்றருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் அதை நீரிழிவுக்கு முந்திய நிலை என்றும், 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் நீரிழிவு என்றும் கணிக்கிறார்கள். நீங்கள் இப்போது நிற்கும் இடத்திலிருந்து உணவையும் நடையையும் உடல் எடையையும் கவனித்துப் பலர் சாதாரண நிலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆகவே பயந்துபோய் ஒரே நாளில் சோற்றை விட்டுவிட்டு இலைகுழை மட்டும் தின்னத் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்குபவர்களை அடுத்த கிழமையே கொத்துக் கடையில் பார்க்கலாம்.

அந்தக் கொத்துக் கடையிலிருந்தே நாமும் தொடங்குவோம். அடுத்த தடவை போகும்போது, தட்டு வரும்வரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிராமல், கல்லுக்கு முன்னால் நின்று கொத்துபவரின் கையைக் கவனியுங்கள். வெங்காயம் போட்டதும் அவர் அள்ளிப் போடுவது பெரும்பாலும் நூல் நூலாகச் சீவிய லீக்ஸும் கரட்டும் கோவாவும்தான். வாசனைக்கே குமட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கோவாவைக் காசு கொடுத்து வாங்கி, விரும்பியே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் நாக்கு கோவாவை எந்த உருவத்தில் ஏற்றுக்கொள்கிறது என்பதற்கான சான்று அந்தக் கல்லின் மேலேயே கிடக்கிறது: மிக மெல்லிதாகச் சீவியது, கொதிக்கும் கல்லில் சில நிமிடங்கள் மட்டுமே கிடந்தது, உங்களுக்குப் பழக்கமான முட்டையோடும் மசாலாவோடும் கலந்தது. வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. கோவாவைப் பெரிய துண்டுகளாக வெட்டி, தேங்காய்ப்பால் ஊற்றி, மூடிபோட்டு, குழையும்வரை வேகவிடுகிறோம். கோவா, நோக்கோல், முள்ளங்கி ஆகியவை கந்தகச் சேர்மங்கள் உள்ள ஒரே குடும்பத்துத் தாவரங்கள். வேகும் நேரம் கூடக்கூட அந்தக் கந்தக வாடை கூடுகிறது, மூடி அதை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. கலியாண வீட்டுப் பந்தியிலும் விடுதிச் சமையலிலும் பரிமாறப்படும் கோவாப் பால்கறிதான் இந்த மரக்கறியின் பெயரைக் கெடுத்தது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். கோவாவை இயன்றளவு மெல்லிதாகச் சீவி, கழுவி, நீரை நன்றாக வடிய விடுங்கள். சட்டி நன்றாகச் சூடான பின் எண்ணெய் விட்டு, கடுகும் கருவேப்பிலையும் வெங்காயமும் தாளித்து, கோவாவையும் சிட்டிகை மஞ்சளையும் போட்டு, மூடாமல், கிளறிக்கொண்டே மூன்று நான்கு நிமிடங்கள் மட்டும் அடுப்பில் வைத்திருங்கள். பற்களுக்கிடையில் நறுக்கென்று கடிபடும் பதத்திலேயே இறக்கிவிட வேண்டும். இறக்கும்போது ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால், ரொட்டி இல்லாத கொத்து உங்கள் தட்டில் இருக்கும்.

உங்கள் மனைவிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிலருடைய நாக்குப் பிறவியிலேயே கசப்பை அதிகமாக உணர்கிறது. 1931ஆம் ஆண்டில் ஆர்தர் ஃபொக்ஸ் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் ஆய்வுகூடத்தில் பி.டி.சி. என்ற தூளைக் கொட்டியபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் வாயெல்லாம் கசக்கிறது என்று முறையிட, ஃபொக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பின்னர் கண்டறிந்தார்கள். அந்தத் தூளின் கசப்பை உணர்பவர்களுக்குக் கோவாக் குடும்பத்து மரக்கறிகளின் கசப்பும் கூடுதலாகத் தெரிய வாய்ப்புண்டு. ஒரே சட்டியிலிருந்து பரிமாறிய கறி ஒருவருக்கு இனிப்பாகவும் மற்றவருக்குக் கசப்பாகவும் இருப்பது நடிப்பு அல்ல என்பதை வீட்டில் ஏற்றுக்கொண்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பிடிக்காததற்கான காரணம் ஒவ்வொரு மரக்கறிக்கும் வேறு; அந்தக் காரணத்தைப் பார்த்துத்தான் சமைக்க வேண்டும். வெண்டிக்காயில் உங்களுக்குச் சிக்கல் சுவையில் இல்லை, வழுவழுப்பில் இருக்கிறது. கழுவிய வெண்டிக்காயைத் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே வெட்டி, சூடான எண்ணெயில் நெருக்கமில்லாமல் போட்டு வதக்கி, உப்பைக் கடைசியில் சேர்த்தால் வழுவழுப்புப் பெரிதும் குறைந்துவிடும். புளி சேர்த்தாலும் குறையும். பீட்ரூட்டில் வரும் மண்வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற பொருளே காரணம். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையும் அதனால் வருவதுதான். வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ சேர்த்தால் அது அடங்கும். பாகற்காயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மரக்கறி சாப்பிடப் பழகுபவர் பாகற்காயிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாகற்காய் இல்லாமலே நூறு வயது வரை வாழலாம்.

தொடங்குவதற்கு உகந்தது லீக்ஸ். உங்களுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பிரட்டலில் ஒரு கைப்பிடி லீக்ஸை மெல்லிதாக வெட்டிச் சேர்த்து வதக்கினால், அது வெங்காயத்தைப் போல இனிப்பேறிக் கிழங்கோடு ஒன்றிவிடும். அடுக்குகளுக்குள் மண் தங்கியிருக்கும் என்பதால் நீளவாட்டில் பிளந்து கழுவச் சொல்லுங்கள். ஒரு தடவை மண் கடிபட்டால் நீங்கள் மறுபடியும் லீக்ஸ் பக்கம் போகமாட்டீர்கள். பிறகு கிழமைக்குக் கிழமை லீக்ஸைக் கூட்டி, கிழங்கைக் குறைத்துக்கொண்டு வரலாம். சம்பல் பிடிக்கும் என்கிறீர்கள். அப்படியானால் துருவிய கரட்டில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, கொஞ்சம் மாசித்தூள், தேசிக்காய்ப் புளி சேர்த்துக் கரட் சம்பல் செய்யலாம். பருப்பு வெந்துவரும்போது ஒரு பிடி பொன்னாங்காணியைப் பொடியாக அரிந்து போடலாம். நாக்குக்கு நன்கு பழகிய ஒன்றின் பக்கத்தில் பழகாத ஒன்றை வைத்தால், அதையும் அது மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளும்.

அளவு மிக முக்கியம். முதல் சில கிழமைகளுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். அதைச் சோற்றின் நடுவில் கொட்டாமல் ஓரத்தில் வைத்து, நல்ல பசியோடு இருக்கும்போது, முதல் இரண்டு வாயில் முடித்துவிடுங்கள். மரக்கறியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைப் பின்னால் சாப்பிடுவதால் இரத்தச் சீனி சட்டென்று ஏறுவதும் குறைகிறது. உங்களுக்கு அது கூடுதல் நன்மை. புதிய உணவொன்றைச் சிறுவர்கள் ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவை வரை அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வளர்ந்தவர்களுக்கும் வழி அதுவேதான். ஒரு தடவை வாயில் வைத்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுகிறோம். நாக்கு அதுவரை பழகவே தொடங்கியிருக்காது. பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குமட்டாமல் இறங்கினால் போதும், விருப்பம் பிறகு வரும்.

உருளைக்கிழங்கு சாப்பிடுகிறேனே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஒரு நாளைக்கு 400 கிராமேனும் மரக்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும்போது, உருளைக்கிழங்கையும் வற்றாளையையும் மரவள்ளியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை சோற்றின் பக்கத்தில் போய்ச் சேர்பவை. இந்த 400 கிராமை நீங்கள் இன்றே எட்ட வேண்டியதில்லை, எட்டவும் முடியாது. நார்ச்சத்தைத் திடீரெனக் கூட்டினால் வயிறு ஊதி, மரக்கறி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்ற புதிய சாட்டுக் கிடைத்துவிடும்.

இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. மலையக வீடுகளில் காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு) முன் அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு மலைக்கு ஏறிய தாய்மாருக்கு இரண்டு மரக்கறி சமைக்க நேரம் எங்கே இருந்தது? கையில் கொண்டுபோகக்கூடிய, வயிற்றை நிரப்பக்கூடிய, பழுதாகாத சாப்பாடாக ரொட்டியும் சம்பலும் இருந்தன. பிள்ளைகளின் நாக்கும் அதிலேயே வளர்ந்தது. வீட்டைச் சுற்றி விளைந்த கரட்டும் போஞ்சியும் லீக்ஸும் லொறியேறி நுவரெலியா, கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையங்கள் வழியாக வெளியூருக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்று உங்களுக்கு மாதச் சம்பளமும் எரிவாயு அடுப்பும் இருக்கும்போது, கொழும்பில் இரண்டு நாள் வாடிக் கிடக்கும் போஞ்சி உங்களுக்குப் பறித்த அன்றே கிடைக்கும்போது, அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதற்குக் காரணம் இல்லை. விளம்பரத்தில் வரும் ஓட்ஸையும் புரொக்கோலியையும் தேடி அலையவும் வேண்டாம்.

மனைவியிடம் மரக்கறி மட்டுமே சமைக்கும் பழிவாங்கலை நிறுத்தச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்கள் கொத்துக் கடையைக் கிழமைக்கு ஒரு நாளாகக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் மரக்கறி வெட்டும் வேலையை நீங்களும் மகளும் எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் கரட் சாப்பிடு என்று சொல்லவே வேண்டாம். நீங்கள் சாப்பிடுவதை அவள் பார்க்கட்டும்.

கேள்வி: என் கணவர் கீரை என்றால் எழுந்து போய்விடுவார். கீரையை அரைத்து ரொட்டி மாவில் கலந்து, அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: கலந்து கொடுங்கள், சகோதரி, ஆனால் தெரியாமல் கொடுக்க வேண்டாம். ஒரு நாள் பச்சை நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்றால், இதுவரை நம்பிச் சாப்பிட்ட ரொட்டியையும் அவர் பிய்த்துப் பார்த்துத்தான் சாப்பிடுவார். இன்னொன்று, தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாத நாக்கு எதற்கும் பழகுவதில்லை. ‘இன்றைக்கு ரொட்டியில் கொஞ்சம் பொன்னாங்காணி போட்டிருக்கிறேன், பிடிக்காவிட்டால் சாதா ரொட்டியும் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வையுங்கள். வேறு வழி இருக்கிறது என்று தெரிந்த மனிதர்தான் துணிந்து ஒரு வாய் வைத்துப் பார்ப்பார்.

ஒரு கோப்பை மாவுக்கு அரைக் கோப்பை பொடியாக அரிந்த கீரையோ துருவிய கரட்டோ போதும். மரக்கறி நீர் விடும் என்பதால் மாவு பிசையும் தண்ணீரைக் குறையுங்கள், இல்லாவிட்டால் கல்லில் ஒட்டிக்கொள்ளும். கோதுமை மாவில் கால் பங்கைக் குறைத்து அதற்குக் குரக்கன் மா சேர்த்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் போனால் முதல் நாளிலேயே ரொட்டி கறுப்பாக இருக்கிறது என்ற முறைப்பாடு வரும்.

கீரையின் சுவையைவிட இலை பல்லில் ஒட்டுவதுதான் சில ஆண்களுக்குப் பிடிக்காமல் இருக்கிறது. உங்கள் கணவர் அந்த வகையா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியானால் காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விற்பார்களே, அந்த இலைக்கஞ்சியைப் போல, வல்லாரைச் சாற்றை வடித்து, சிவப்பரிசிக் கஞ்சியில் கலந்து, தேங்காய்ப்பால் சேர்த்துச் சூடாகக் கொடுக்கலாம். வடித்த சாற்றில் நார் குறைந்துவிடும். இருந்தாலும் கீரையின் வாசனைக்கு அவரைப் பழக்குவதற்கு அதைவிட இலேசான வழி எனக்குத் தெரிந்து இல்லை. வல்லாரைச் சம்பல் செய்தால் தேசிக்காயைத் தாராளமாகப் பிழியுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பிலுள்ள விற்றமின் சி உதவும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணீர் அதே இரும்புச்சத்தைத் தடுத்துவிடும் என்பதால், தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளிவைக்க வேண்டும். இது உங்கள் கணவரைவிட உங்களுக்கும் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கும்தான் அதிகம் பொருந்தும். இரத்தச்சோகை அதிகம் வருவது பெண்களுக்குத்தான்.

கேள்வி: சிவப்பரிசிக்கு மாறச் சொல்கிறார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் சோறு கல்லுப் போல இருக்கிறது; வீட்டில் யாரும் தொடுவதில்லை.
– ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: குற்றம் உங்கள் கையிலும் இல்லை, அரிசியிலும் இல்லை, உங்கள் ஊர் இருக்கும் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்லாமல் 94 பாகைச் செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. தவிடு நீக்காத அரிசிக்கும் கடலைக்கும் கௌபிக்கும் இந்தக் குறைவு நன்றாகவே தெரியும். அரிசியை ஓரிரு மணித்தியாலம் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் வேகவையுங்கள்; சோறு மலர்ந்து வரும். முதல் மாதம் நான்கில் ஒரு பங்கு சிவப்பரிசியும் மீதி வெள்ளையுமாகத் தொடங்கலாம், ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போடாமல் தனித்தனியாக வேகவைத்துக் கலக்க வேண்டும். சிவப்பரிசி என்பதற்காகத் தட்டு நிறையச் சாப்பிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சீனிக்கு அதிலும் கணக்கு உண்டு.

கேள்வி: சாப்பாட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். சாயத்தண்ணீரில் சீனியை மட்டும் குறைக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி.
– ஒரு வாசகர், ஹப்புத்தளை

பதில்: மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 4 கிராம். உங்கள் கணக்கு 40 கிராமுக்கு வருகிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஒரேயடியாக விட வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு அதைப் பெரிதாகக் கவனிக்காது. நம்முடைய பெரியவர்கள் சீனியை உள்ளங்கையில் கொஞ்சமாக வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணீர் குடிப்பார்களே, அதுவும் நல்ல உபாயம்தான். சீனி நேரே நாக்கில் படுவதால் குறைந்த அளவே போதுமானதாக இருக்கும். கருப்பட்டிக்கு மாறுவதால் மட்டும் பயனில்லை, அதுவும் சீனிதான்.

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. பாண், பிஸ்கட், வெள்ளைச் சோறு, தயிர் ஆகிய நான்கைத் தவிர எதையும் சாப்பிடமாட்டாள். வற்புறுத்தினால் அழுகிறாள், சில வேளை வாந்தி எடுக்கிறாள். மெலிந்துகொண்டே போகிறாள், மயக்கமும் வருகிறது. அம்மா ‘இடம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம்’ என்று திட்டுகிறார். மேலே நீங்கள் எழுதுவது போன்ற முறைகள் இவளுக்குச் சரிவருமா?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: சரிவராது, முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மரக்கறியை ஒதுக்கும் பழக்கம் வேறு. உணவுகளின் பட்டியல் சுருங்கிக்கொண்டே போய், எடை குறைந்து, சாப்பாட்டு நேரமே பயமாக மாறுவது வேறு. ஆர்ஃபிட் என்ற பெயரில் இது ஓர் உணவுக் கோளாறாக அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில் இடம்பெற்றிருக்கிறது. உடல் மெலிய வேண்டும் என்ற ஆசை இதில் இருப்பதில்லை. உணவின் தன்மை, வாசனை, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற அச்சம் போன்றவையே காரணங்களாக இருக்கின்றன. உங்கள் தங்கைக்கு இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அதே அறிகுறிகளுக்கு வயிற்று நோயோ வேறு நோயோ காரணமாக இருக்கலாம் என்பதால்தான் பரிசோதனை வேண்டும் என்கிறேன்.

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போகும் முன் ஒரு கிழமைக்கு அவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, எதைக் கண்டு பயந்தாள், எப்போது வாந்தி எடுத்தாள் என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். வைத்தியர் கட்டாயம் கேட்பார். ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு அது டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. மனநலக் கிளினிக்குக்கும் போகச் சொன்னால், ஊரார் என்ன சொல்வார்கள் என்று தயங்கி அந்தத் துண்டை அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். அந்த நாள் வரும்வரை அவள் சாப்பிடும் நான்கையும் தடுக்காமல் கொடுங்கள்; தயிரும் சோறும் இறங்குகிறதென்றால் அதைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். மயக்கம் அடிக்கடி வந்தாலோ, தண்ணீர் கூட இறங்காமல் போனாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மாவையும் ஒரு தடவை கூடவே அழைத்துப் போங்கள். வைத்தியரின் வாயிலிருந்து கேட்டால் அவர் திட்டுவதைக் குறைத்துக்கொள்வார்.